எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர்

பழைய கொம்பியூட்டர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் என் வயதுக்காரர்கள் முதலில் அதன் மந்தத்தைத்தான் சொல்வார்கள். 640 கிலோபைட் நினைவகம், 20 மெகாபைட் ஹார்ட் டிஸ்க், செம்மஞ்சள் எழுத்துத் திரை என்று அளந்துகொண்டே போவார்கள். எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது வேறு. ஒரு பெயர் வைக்க அந்தக் காலத்தில் நாங்கள் பட்ட பாடு. கோப்புக்குப் பெயர், ஆளுக்குப் பெயர், எழுத்துருவுக்குப் பெயர் என்று எதை எடுத்தாலும் ஒரே பெயர் இரண்டு மூன்று வேடம் போட்டு ஆளை ஏய்க்கும். முதலில் கொழும்பு கோட்டையில், சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஒஃபிஸிலும், பிறகு வெள்ளவத்தையில் சொந்தமாக ஒரு டைப்செட்டிங் கடையிலும் காலம் போனது. அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதில் இன்றைக்கும் உபயோகப்படுகிறவற்றை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

எண்பதுகளின் பிற்பகுதியில் பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு வகுப்புக்குப் போனேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஏசி அறை, இரண்டு பேருக்கு ஒரு மெஷின். முதலில் சொல்லித்தந்தது பேசிக். வீட்டில் மாமா ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார்: "என்ன மருமகன், இன்னும் பேசிக்தானோ? அட்வான்ஸ் எப்ப துவங்கப் போறாய்?" 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமனியும் தோமஸ் கேர்ட்ஸும் உருவாக்கிய புரோகிராம் மொழி அது. பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விரிவு உண்டு, அதில் முதல் சொல்லே புதிதாகப் படிக்க வருகிறவனைக் குறிப்பது என்றெல்லாம் மாமாவுக்கு விளக்கப் போய்ப் பயனில்லை. அடுத்தது பாஸ்கல் என்றதும், கொட்டாஞ்சேனையில் அந்தப் பெயருள்ள யாரோ ஒரு சேரிடம் டியூஷனுக்குப் போகிறேன் என்றே வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் கணக்குப் பொறி செய்த பிளேஸ் பாஸ்கலின் பெயரை நிக்லவுஸ் விர்த் தன் மொழிக்கு வைத்தார். கத்தோலிக்கக் குடும்பங்களில் அதே பெயர் தாத்தாவுக்கும் பேரனுக்கும் இருக்கும். ஆப்பிள் 1983இல் விட்ட லிசா கொம்பியூட்டரின் பெயர் இன்னும் வேடிக்கை. ஏதோ தொழில்நுட்பச் சொற்றொடரின் சுருக்கம் என்று கம்பனி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. தன் மகளின் பெயர்தான் அது என்று ஸ்டீவ் ஜொப்ஸ் பல காலம் கழித்து ஒப்புக்கொண்டார்.

கொழும்பில் இருந்துகொண்டு இந்தப் பேச்சை எடுத்தால் ஹாலைத் தாண்டிப் போகமுடியாது. கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் "2001: எ ஸ்பேஸ் ஒடிஸி" கதையில் படைத்த கற்பனைக் கணினி அது. ஹாலின் மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொரு எழுத்து முன்னே தள்ளினால் ஐபிஎம் வரும். வேண்டுமென்றே வைத்தது என்று உலகமே சொன்னது. அவர் மறுத்தார். அந்தக் கதையின் தொடர்ச்சியாக 1982இல் வந்த நாவலில் ஒரு பாத்திரத்தின் வாயாலேயே மறுக்க வைத்தார். அந்த நாவலை அவர் கொழும்பில் ஆர்க்கைவ்ஸ் III என்ற மெஷினில், வேர்ட்ஸ்டார் என்ற டைப் மென்பொருளில் டைப் செய்தார். முழு நாவலும் ஒரே ஒரு ஐந்தங்குல டிஸ்கெட்டில் நியூயோர்க் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை தரை நிலையத்திலிருந்து செய்மதி வழியாகப் போயின. இதையெல்லாம் அவரே நூலின் குறிப்பில் எழுதியிருக்கிறார். எனக்கு இதைவிடப் பிடித்தது, ஹாலுக்குக் கற்பித்த விஞ்ஞானிக்கு அவர் வைத்த முழுப்பெயர்: சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. கதையில் எல்லோரும் சந்திரா என்றே கூப்பிடுவார்கள். எங்கள் ஒஃபிஸில் அவருக்கு ஒரு கோப்புத் திறந்திருந்தால் ஆங்கிலத்தில் "சந்திராஸ்" என்கிற எட்டாவது எழுத்தோடு வெட்டு விழுந்திருக்கும்.

அந்தக் கால மெஷின்களை இயக்கிய டொஸ்ஸில் அதுதான் சட்டம். பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளி, பிறகு வகைக்கு மூன்று எழுத்து. இடைவெளி விடமுடியாது. நம்முடைய பெயர்களுக்கு எட்டு எழுத்து எந்த மூலைக்குக் காணும்? சிவகுமார், சிவகுமாரன், சிவகுமாரி மூவரும் முதல் எட்டு எழுத்தில் ஒரே ஆள். ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். உயிரெழுத்துகளை எல்லாம் விழுங்கி எழுதுகிறவர் ஒருவர், பின்னால் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போடுகிறவர் இன்னொருவர். மூன்று மாதம் கழித்து இரண்டு பேருக்குமே எது எது என்று தெரியாது.

எங்கள் ஒஃபிஸில் அதைத் தீர்த்தது கொம்பியூட்டர் அல்ல, ஒரு சிஆர் கொப்பி, அதாவது தடித்த நோட்டுப் புத்தகம். பக்கத்துக்கு நான்கு கோடு: கோப்பின் பெயர், உள்ளே என்ன, எந்தத் திகதி, எந்த டிஸ்கெட். கொப்பியில் ஏறாத பெயரில் யாரும் கோப்புத் திறக்கக்கூடாது என்று தலைமைக் கிளாக்கர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அந்த ஒஃபிஸில் இருந்த மிகச் சிறந்த மென்பொருள் அந்தக் கொப்பிதான் என்று சொல்வேன். பெயர் வெறும் சாவி, பொருள் கொப்பியில் இருந்தது. இன்றைக்கு இருநூறு எழுத்துக்கு மேலும் பெயர் வைக்கலாம். அப்படியிருந்தும் "கடைசி", "கடைசி புதியது", "உண்மையான கடைசி" என்று கோப்புகளை நிரப்பிவைத்திருக்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். திகதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் பெயரின் தொடக்கத்திலேயே போடுங்கள், பட்டியல் தானாகக் காலவரிசையில் நிற்கும். அதே ஃபோல்டரில், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சாதாரண டெக்ஸ்ட் கோப்பு ஒன்றும் எழுதிவையுங்கள்.

அழித்த கோப்பை மீட்கும் கதை தனி. டொஸ்ஸில் கோப்பை அழித்தால் உள்ளடக்கம் உடனே போகாது. பட்டியலில் பெயரின் முதல் எழுத்து மட்டும் ஓர் அடையாளக் குறியாக மாறும், அவ்வளவுதான். 1991இல் வந்த டொஸ் 5இல் மீட்கும் கட்டளையும் சேர்ந்து வந்தது. அது மீதி எழுத்துகளைக் காட்டி, முதல் எழுத்து என்ன என்று நம்மிடம் கேட்கும். திரையில் கேள்விக்குறி போட்டு "ஆந்தி" என்று நிற்கும். சாந்தியா காந்தியா என்று ஒஃபிஸே கூடி நின்று வாதாடும். உண்மையில் எந்த எழுத்தைக் கொடுத்தாலும் கோப்பு வரும், திறந்து பார்த்துப் பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். வாதாடுகிற நேரத்தில் அந்த டிஸ்கெட்டில் வேறெதையும் எழுதாமல் இருப்பதுதான் முக்கியம். இன்றைக்கும் மெமரி கார்டில் படம் அழிந்துபோனால் முதல் வேலை கேமராவை நிறுத்துவது. புதிதாக எடுக்கிற ஒவ்வொரு படமும் பழையதன் மேல் விழக்கூடும்.

சில பெயர்களை வைக்கவே முடியாது என்பதும் அந்த ஒஃபிஸில்தான் தெரிந்தது. கிளியரிங் வேலையில் எல்லாமே சுருக்கம். கொன்சைன்மன்ட் பட்டியலுக்கு சி-ஓ-என் என்றே பெயர் வைப்போம் என்று தலைமைக் கிளாக்கர் கொப்பியில் எழுதி, பிரதியெடுக்கும் கட்டளையையும் கொடுத்தார். பட்டியல் முழுக்கத் திரையில் கடகடவென்று ஓடியது. கடைசியில், ஒரு கோப்பு பிரதியெடுத்தாயிற்று என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. டிஸ்கெட்டைத் திறந்து பார்த்தால் அப்படியொரு கோப்பே இல்லை. திரும்ப அடித்தார், திரும்பவும் ஓடியது. "எடுத்தாச்சு எண்டு சொல்லுதே தம்பி, எங்க வைச்சிருக்கு?" என்று என்னைப் பார்த்தார். டொஸ்ஸுக்கு அந்த மூன்றெழுத்து கொன்சோலின் பெயர், அதாவது விசைப்பலகையும் திரையும். பட்டியலைத் திரைக்குப் பிரதியெடுத்துவிட்டு மெஷின் நிம்மதியாக இருந்தது.

பிரின்ஸ் வீதிக் கடைகளின் கணக்குக்கு பி-ஆர்-என் என்று வைத்துப் பாருங்கள், டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர் கத்தத் தொடங்கும், ஏனென்றால் அது பிரிண்டரின் பெயர். ஆபத்தானது என்-யூ-எல். அதற்குள் எதைப் போட்டாலும் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, எடுத்தாயிற்று என்று சொல்லும். டொஸ்ஸுக்கு முன்பிருந்த சிபி/எம் காலத்துப் பழக்கம் இது. பின்னால் எந்த வகையைச் சேர்த்தாலும் டொஸ்ஸில் தப்பமுடியாது. நம்பாவிட்டால் விண்டோஸ் 10இல் சி-ஓ-என் என்று ஒரு ஃபோல்டர் திறந்து பாருங்கள், மறுத்துவிடும். இணையத்தில் ஆட்கள் ஏற்றும் கோப்புகளை விண்டோஸ் சேவரில் சேமிக்கிற புரோகிராம் எழுதுகிறீர்கள் என்றால், ஏற்றுகிறவர் கொடுத்த பெயரை அப்படியே வைக்காமல், உங்கள் பக்கத்தில் ஓர் இலக்கம் கொடுத்துச் சேமியுங்கள்.

ஆட்களின் பெயருக்கு வருவோம். பட்டியல்களைச் சேமித்துத் தேடும் ஃபொக்ஸ்ப்ரோ மென்பொருளில் சவுண்டெக்ஸ் என்றொரு வசதி இருந்தது. ஒலியில் நெருங்கிய பெயர்களை ஒன்றாகக் கூட்டித் தரும் முறை, அமெரிக்காவில் 1918இலேயே காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற மெய்களை இலக்கமாக்கி, உயிர்களை விட்டுவிடும். சிவகுமாரை எஸ் போட்டு எழுதினாலும், எஸ்-எச் போட்டு எழுதினாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் செல்லையாவிடம் தோற்றுப்போகும். நம்மில் பாதிப்பேர் அதை சி-எச் போட்டு எழுதுகிறோம், பாதிப்பேர் எஸ் போட்டு எழுதுகிறோம். முதல் எழுத்தே மாறிவிடுவதால் ஒரே செல்லையா இரண்டு பேராகிவிடுவார். ஜோகராஜாவும் யோகராஜாவும், ஜி-என்னில் தொடங்கும் ஞானமும் என்-ஜேயில் தொடங்கும் ஞானமும் இப்படித்தான். தமிழ்ப் பெயர்ப் பட்டியலை ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்கள் தேடும்போது இந்த முதலெழுத்துச் சோடிகளைக் கையோடு வைத்திருக்கவேண்டும்.

அடையாள அட்டை இலக்கத்தைச் சாவியாக வைப்பது இதைவிட நல்லது, ஆனால் அதிலும் ஒரு சங்கதி உண்டு. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டும் பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டி வரும். 2016இலிருந்து பன்னிரண்டு இலக்கம், வருடம் நான்கு இலக்கமாக முழுதாக வருகிறது. அட்டையைப் புதுப்பித்தவர் அதே ஆள்தான், இலக்கம் மட்டும் வேறு உருவத்தில் நிற்கும். இரண்டுக்கும் இரண்டு கட்டம் வையுங்கள். ஒன்றை அழித்துவிட்டு மற்றதை எழுதாதீர்கள்.

இனி, வீட்டில் பழைய டிஸ்கெட் வைத்திருப்பவர்களுக்கு. மூன்றரை அங்குலத் தட்டை யூஎஸ்பி டிரைவில் வாசிக்கலாம். ஐந்தேகால் அங்குலத் தட்டுக்கு அது சரிவராது, பழைய டிரைவ் வேண்டும். கொழும்பின் ஈரப்பதனில் தட்டில் பூஞ்சணம் பிடிக்கும். மூடியை நகர்த்தி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள், பூஞ்சணம் பிடித்த தட்டு டிரைவின் தலையையும் அழுக்காக்கி அடுத்த தட்டையும் கெடுக்கும். வாசிக்கும்போது கோப்புக் கோப்பாக எடுக்காமல் முழுத்தட்டையும் ஒரே பிரதியாக எடுத்துவிட்டு, பிறகு அந்தப் பிரதியில் வேலை செய்யுங்கள். வேர்ட்ஸ்டார் கோப்பு என்றால் சொற்களின் கடைசி எழுத்துகள் விசித்திரமான குறிகளாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், கெட்டுப்போகவில்லை. சொல்லின் முடிவை அடையாளம் வைக்க, வேர்ட்ஸ்டார் அந்த எழுத்தின் எட்டாவது பிட்டை ஏற்றிவிடும். அதை இறக்கிவிட்டால் எழுத்து திரும்ப வந்துவிடும், சின்ன புரோகிராம் போதும்.

தமிழ்க் கோப்பு என்றால் தொல்லை வேறு. இலங்கையில் பெரும்பாலும் அது பாமினி என்ற எழுத்துருவில் இருக்கும். எங்கள் கடையில் பிழைதிருத்தம் பார்த்த பிள்ளையின் பெயரும் பாமினிதான். "பாமினியில அடிச்சுத் தாங்கோ" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். தமிழ்த் தட்டச்சு பழகியவர்கள் "யளனகப" என்று விரல் வைத்துத் தொடங்குவார்கள் அல்லவா, பாமினியும் அதே வரிசை. அதனால் டைப்பிஸ்ட்டுகள் யாருக்கும் புதிதாக ஒன்றும் பழகத் தேவைப்படவில்லை. ஆனால் உள்ளே போவது தமிழ் அல்ல. ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று ஐந்து ஆங்கில விசைகளை அடித்தால் திரையில் "தமிழ்" என்று தெரியும். கொம்பியூட்டருக்கு அது ஜேகேபிஓதான். எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் அந்த ஜேகேபிஓ அப்படியே பல்லைக் காட்டும்.

பாமினியில் சின்ன ஜே என்றால் த, பெரிய ஜே என்றால் து. சின்ன எம் அ, பெரிய எம் ஆ. இதைத் தெரியாத டைப் மென்பொருள், வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கிவிடும். அதனால் "தமிழ்" என்று அடித்தது "துமிழ்" ஆகும். கலியாணக் கார்டின் முதல் சொல்லான "அன்புடையீர்", "ஆன்புடையீர்" ஆகிவிடும். வெள்ளவத்தையில் கார்டு அடித்த யாரைக் கேட்டாலும் இந்த ஆன்புடையீரைத் தெரியும். புது மெஷின் வாங்கினால் அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை, பிறகுதான் சாமிப்படம் ஒட்டுவது. பெயர்களை எல்லாம் பெரிய எழுத்தாக்குகிற புரோகிராம் இன்னும் மோசம், அதில் "கமலம்" "குமுலுமு" ஆகி, வாலில் ஒரு குற்று, அதாவது மெய்யெழுத்தின் புள்ளி, தனியாகத் தொங்கும்.

அகரவரிசையும் அப்படித்தான். ஒரு கோயில் உபயகாரர் பட்டியலைப் பாமினியில் வைத்து வரிசைப்படுத்தினோம். இந்திராவும் இராசையாவும் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்கள், ஏனென்றால் இ இருப்பது கமா விசையில். யமுனா உமாவுக்கு முன்னால் வந்தார். அருணாசலம் நடுவில் எங்கோ. உபயத்தில் யார் முதல் என்பதற்குச் சண்டை பிடிக்கிற ஊரில் இது சும்மா விடுகிற காரியம் அல்ல. கடைசியில் பெயருக்குப் பக்கத்தில் கையால் இலக்கம் போட்டு, அந்த இலக்கத்தை வைத்துத்தான் வரிசை எடுத்தோம்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி இலக்கம் கொடுக்கும் பொது முறை யூனிகோட். அதன் முதல் பதிப்பு வந்த 1991இலேயே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் எங்கள் கடைவரை வந்துசேர அது பல வருடம் எடுத்தது. விண்டோஸ் 2000க்குப் பிறகுதான் நம்பி இறங்கமுடிந்தது. 2010இல் இணைய முகவரியே .இலங்கை என்று முடியலாம் என்று ஆனது. இன்றும் சில அச்சகங்கள் பாமினியில்தான் கேட்கின்றன. கொடுங்கள், பரவாயில்லை. மூலக் கோப்பை யூனிகோட்டில் வைத்துக்கொண்டு, அச்சுக்கு மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

பழைய பாமினிக் கோப்பை யூனிகோட்டுக்கு மாற்றும்போது பிரதியை மாற்றுங்கள், மூலத்தைத் தொடவேண்டாம். இடையில் ஆங்கிலம் இருந்தால் அதை முதலில் வெட்டி வேறிடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் ஈமெயில் முகவரி எல்லாம் புரியாத தமிழாகும். மாற்றியபின் நான் முதலில் தேடுவது இலக்கத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும் இ. ஆங்கிலக் கமாவெல்லாம் இ ஆகி "45இ காலி வீதிஇ" என்று நிற்கும். இரண்டாவது, அரவுக்கு, அதாவது கா என்பதில் வரும் காலுக்கு, மேல் குற்று வைத்த போலி ர். பார்வைக்கு ர் போலவே இருக்கும், தேடினால் அகப்படாது. மூன்றாவது கொழும்பு. கொ என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோட்டில் ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி அரவு தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், சில புரோகிராம்களுக்கு அவை இரண்டு ஊர்கள். நீங்களே விசைப்பலகையில் "கொழும்பு" என்று அடித்து, மாற்றிய கோப்பில் அதைத் தேடுங்கள். முகவரிப் பட்டியலில் ஒருவர்கூடக் கொழும்பில் இல்லை என்று பதில் வந்தால், இரண்டாக இருக்கும் குறிகளை ஒன்றாக்கிவிட்டு மறுபடி தேடுங்கள்.